அமுச்சிக்கும் ஒரு ஹாஸ்டல்

போன வருஷம் ஆவணி மாசம் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருத்தர், பாயசம் வருகிற நேரம் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, மவன் அமெரிக்காவுல, மவ மெட்ராஸ்ல. இத்தனை பேரு இருந்தும் பெத்தவளைக் கொண்டுபோயி ஹோம்ல உட்டுட்டீங்களாமே?"

அம்மா பதில் சொல்லவில்லை. இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே இருந்தாங்க. நானும் வாயைத் திறக்கவில்லை. காரணம் வெட்கம். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, இதே கேள்வியை இதைவிட மோசமான குரலில் அம்மாவிடம் கேட்டவள் நான்தான்.

அன்னைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போ எழுதுறேன். பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம் படிச்சவள். தமிழில் நான் எழுதிய நீளமான விஷயம் இதுக்கு முன்னாடி பத்தாம் வகுப்புக் கட்டுரைதான். தப்பு இருந்தா எடிட்டர் திருத்திக்கட்டும்.

எட்டு மணி ஃபோன்

கொங்கு நாட்டு மக்களுக்குச் சொல்ல வேண்டாம், மத்தவங்களுக்கு: அமுச்சி என்றால் அம்மாவின் அம்மா. அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. கோபி பக்கம் ஒரு கிராமம். வாய்க்கால் பாசனம், மஞ்சள், நெல், நாலு மாடு. அப்புச்சி இறந்த பிறகு அமுச்சி அந்த வீட்டில் மூணு வருஷம் தனியாக இருந்தாங்க. மாட்டை வித்தாச்சு. காட்டைக் குத்தகைக்கு விட்டாச்சு. தோட்டத்து வீடு என்பதால் அக்கம்பக்கம் என்று சொல்ல ஆள் கிடையாது. அடுத்த வீட்டுக்குப் போக ரெண்டு வயலைத் தாண்டணும்.

நாங்க அவங்களைக் கவனிக்காமல் இல்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன். ஒரு நாள் தவறியதில்லை. நானும் ஹாஸ்டலில் இருந்து பேசுவேன். "சாப்டாச்சா அமுச்சி?" "ஆச்சு சாமி." "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." "மழை வந்துச்சா?" "இல்ல சாமி, மூடாக்கு மட்டுந்தான் போட்டுது." அவ்வளவுதான். மூணு கேள்வி, மூணு பதில்.

ஒரு நாள் தொண்டை கரகரன்னு இருந்துச்சு. சளியா என்று கேட்டேன். "சளியெல்லாம் இல்ல. காத்தாலருந்து இப்பத்தான் வாயத் தெறக்கறேன்" என்றாங்க. நான் அப்போ ஒரு அசைன்மென்ட் முடிக்கிற அவசரத்தில் இருந்தேன். அந்த வாக்கியத்தோட அர்த்தம் புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

சென்னைக்குக் கூட்டிட்டு வந்து வெச்சுப் பார்த்தோம். ஒன்பதாவது மாடி. அப்பா, அம்மா ரெண்டு பேரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழு மணிக்கு வருவாங்க. அமுச்சி பால்கனியில் நின்னு கீழே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. "இத்தன கதவு இருக்குது, ஒண்ணாவது தெறந்து கெடக்குதா பாரு" என்பாங்க. நாலு மாசம் தாங்கினாங்க. அப்புறம் ஊருக்கே போறேன்னு கிளம்பிட்டாங்க.

கோவையில் ஒரு ரிடயர்மென்ட் கம்யூனிட்டியில் சேர்வது என்பது அமுச்சியே எடுத்த முடிவு. ஒரு தூரத்துச் சொந்தம் அங்கே இருந்தாங்க. அவங்களைப் பார்க்கப் போனவங்க, திரும்பி வந்து ஒரு வாரம் யோசிச்சு, அப்புச்சி பேரில் இருந்த ஒரு ஏக்கரை விற்கச் சொல்லிட்டாங்க. மாமா வீடியோ காலில் அழுதார். நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். "நீங்க வேலையை விட்டிருக்கணும்" என்று சொன்னேன். அம்மா வேலையை விட்டிருந்தால் என் ஃபீஸை யார் கட்டியிருப்பாங்க என்று அப்போ எனக்குத் தோணவே இல்லை.

இது என்ன மாதிரி இடம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். முதியோர் இல்லம் வேறு, இது வேறு. இங்கே ஒவ்வொருத்தருக்கும் தனி வீடு. சமையல் செஞ்சுக்கலாம், இல்லேன்னா பொது மெஸ்ஸில் சாப்பிடலாம். குளியலறையில் பிடிச்சுக்கக் கைப்பிடி, வழுக்காத தரை, படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம், கட்டில் பக்கத்தில் அவசர பட்டன், வளாகத்துக்குள்ளேயே நர்ஸ். மாசாமாசம் பராமரிப்புத் தொகை கட்டணும்.

இந்த யோசனை ஊருக்குப் பெரிசாகத் தெரிய வந்தது அமெரிக்காவில். 1960 ஜனவரி 1-ஆம் தேதி டெல் வெப் என்ற கட்டுமானத் தொழிலதிபர் அரிசோனா பாலைவனத்தில் 'சன் சிட்டி' என்ற ஊரைத் திறந்தார். வீடு விற்கிறதுக்கு முன்னாடியே கடைகள், கோல்ஃப் மைதானம், பொழுதுபோக்கு மையம் எல்லாத்தையும் கட்டி முடிச்சு வெச்சிருந்தார். அதாவது, வயசானவங்களுக்கு அவர் விற்றது வீட்டை மட்டும் இல்லை. அவங்க பகல் பொழுதையும் சேர்த்துத்தான். முதல் வார இறுதியில் பார்க்க வந்த கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இந்தியாவில் இந்த வகைக் குடியிருப்புகள் அதிகமாக முளைத்த ஊர்களில் கோவை முக்கியமானது. மிதமான வெயில், நல்ல ஆஸ்பத்திரிகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்க விமான நிலையம். தேவையும் இருக்கு: 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் அப்போதே 10.4 சதவீதம். இப்போது அதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

"நாலு மணிக்கு ஆட்டமிருக்குது"

ஆயுத பூஜை லீவில் முதல் தடவை போனேன். மூணு நாள் அமுச்சியோட இருந்து, அவங்க தனிமையைப் போக்கணும் என்று ஒரு தியாகி மாதிரி பையைத் தூக்கிட்டுப் போனேன். மதியம் சாப்பிட்டு முடிச்சதும் அமுச்சி கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "ஏஞ்சாமி, நீ செத்த படுத்துத் தூங்கு. எனக்கு நாலு மணிக்கு ஆட்டமிருக்குது."

கேரம் ஆட்டம்! எழுபத்து மூணு வயசில். சின்ன வயசில் அண்ணன் தம்பிகள் திண்ணையில் ஆடும்போது பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்ததோட சரி. பொம்பளப் புள்ளைக்குப் பலகை கிடைக்காது. இங்கே வந்துதான் முதல் தடவை ஸ்ட்ரைக்கரைத் தொட்டிருக்காங்க. அவங்க ஜோடி, நாலாவது வீட்டில் இருக்கும் ஒரு ரிடயர்டு கெமிஸ்ட்ரி டீச்சர். திருச்சிக்காரர். எல்லாரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுறாங்க, நானும் அப்படியே எழுதுறேன்.

நான் தூங்கவில்லை, வேடிக்கை பார்க்கப் போனேன். ஒரு காயை அமுச்சி தவறவிட்டாங்க. டீச்சர் சத்தமாக, "எங்கடி பார்த்து அடிக்கிற? கண்ணை முன்னாடி வை!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அமுச்சியை 'டி' போட்டுக் கூப்பிடுகிற ஒரு மனுஷியை என் வாழ்க்கையில் நான் பார்த்ததே இல்லை. அமுச்சி முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. சிரிப்பு. பல்செட் வெளியே தெரியுற சிரிப்பு.

ராத்திரி அதைப் பத்திக் கேட்டேன். அமுச்சி கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கல்லாம் செத்துப்போயிட்டாங்க சாமி. எங்கம்மா, எங்கண்ணன், உங்கப்புச்சி. இப்ப நானு எல்லாத்துக்கும் அம்மா, அத்தை, அமுச்சி. மருவாதி குடுக்கறதுக்கு ஆளு இருக்குது. வாடீன்னு கூப்பிட ஆளில்லாம இருந்துச்சு" என்றாங்க.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்ம எட்டு மணி ஃபோனில் பாசம் இருந்துச்சு, மரியாதை இருந்துச்சு, மாத்திரை இருந்துச்சு. வாடி மட்டும் இல்லை. அதை நான் கொடுக்க முடியாது, அம்மாவாலயும் முடியாது. வேலையை விட்டுட்டு இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்தில் இருந்தாலும் முடியாது. அதை ஒரு சமவயசுக்காரிதான் கொடுக்க முடியும்.

(அமுச்சி பேரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல எல்லாம் வேண்டாம்" என்றுட்டாங்க.)

நட்புக்கு ஒரு கணக்கு

நாம இன்ஜினியரிங் மக்கள், அதனால் கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம்.

உங்க ரூம்மேட்டை நீங்க எப்படித் தேர்ந்தெடுத்தீங்க? தேர்ந்தெடுக்கவே இல்லை. வார்டன் ஒரு லிஸ்ட் ஒட்டினார். அப்புறம் நாலு வருஷத்தில் அவள்தான் உயிர். இதை ஒரு ஆய்வாகவே செஞ்சிருக்காங்க. அமெரிக்காவில் எம்.ஐ.டி-யின் மாணவர் குடியிருப்பு ஒன்றை லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் மூணு பேரும் ஆராய்ந்து 1950-இல் புத்தகமாக வெளியிட்டாங்க. ஒரே மாடியில் அடுத்த கதவுக்காரர் நெருங்கிய நண்பராகும் வாய்ப்பு 41 சதவீதம். ஒரு வீடு தள்ளி இருந்தால் 22. தாழ்வாரத்தின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் என்றால் 10. மாடிப்படி, தபால் பெட்டி பக்கத்தில் குடியிருந்தவங்களுக்கு மாடி வீட்டு நண்பர்களும் கூடுதலாகக் கிடைச்சாங்க. குணம், ரசனை எல்லாம் அப்புறம். முதலில் யார் கண்ணில் அடிக்கடி படுறீங்க என்பதுதான்.

இன்னொரு எண். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு: தெரிஞ்சவர் என்ற நிலையில் இருந்து சாதாரண நண்பர் ஆக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்கணும். நண்பர் ஆக சுமார் 90. நெருங்கிய நண்பர் ஆக 200-க்கு மேல். அதுவும் சேர்ந்து வேலை செஞ்ச நேரம் அவ்வளவாகச் சேராது. சும்மா இருந்த நேரம், விளையாடின நேரம், வெட்டிப் பேச்சு, அதுதான் சேரும்.

இப்போ எங்க ஃபோனுக்கு வருவோம். தினம் ஏழு நிமிஷம் என்று வெச்சுக்கிட்டால் வருஷத்துக்கு 42 மணி நேரம். பரவாயில்லையே என்று தோணும். ஆனால் அது 365 தடவை கேட்ட அதே மூணு கேள்வி. கேரம் பலகையில் தினம் ஒண்ணரை மணி நேரம் என்றால் 200 மணி நேரத்தை நாலரை மாசத்தில் தொட்டுடலாம். அமுச்சியும் டீச்சரும் அப்படித்தான் தொட்டிருக்காங்க.

ஆக, ஹாஸ்டலும் ரிடயர்மென்ட் கம்யூனிட்டியும் ஒரே டிசைன். பக்கத்துப் பக்கத்துக் கதவு. ஒரே மெஸ். கையில் நேரம். ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே பிரச்சினை: எங்களுக்கு அரியர், அவங்களுக்கு முட்டி. தோட்டத்து வீட்டிலும் ஒன்பதாவது மாடியிலும் இந்த நாலில் ஒண்ணு மட்டும்தான் இருந்துச்சு, நேரம்.

பனங்காடையும் பேங்க் தாத்தாவும்

நட்பு ஒரு பாதி. இன்னொரு பாதி, புதுசா ஒண்ணைக் கத்துக்கிறது.

அந்த வளாகத்தில் ஒரு பேங்க் தாத்தா இருக்கார். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு. காலையில் பறவை பார்க்கப் போவார். ஒரு நாள் மெஸ்ஸில், "வேலி ஓரமா ஒரு குரல் கேட்டுச்சு, பார்க்க முடியலை, விடாம கேள்வி கேட்கிற மாதிரி கத்துச்சு" என்று அவர் சொல்ல, அமுச்சி சாம்பாரை ஊத்திக்கிட்டே "அது ஆக்காட்டிங்க. தரையில முட்ட வெச்சிருக்கும், அதான் கத்துது. மேல பார்த்தா எப்பிடிங்க தெரியும்?" என்றாங்களாம். மறுநாள் காலையில் ரெண்டு பேரும் போய்ப் பார்த்தால், ஆள்காட்டிதான்.

அன்னைல இருந்து அமுச்சி அந்தக் கூட்டத்தில் சேர்ந்துட்டாங்க. செம்போத்து, கரிச்சான், கொண்டலாத்தி, வால்காக்கை, பனங்காடை, தவிட்டுக்குருவி. அறுபது வருஷம் காட்டில் வேலை செஞ்ச மனுஷிக்குக் குரலை வெச்சே தெரியும். ஆனால் அவங்களுக்கு அது ஒரு அறிவு என்றே யாரும் சொன்னதில்லை. தாத்தாவுக்கு ஆங்கிலப் பேரும் புத்தகமும் தெரியும், குரல் தெரியாது. இப்போ அமுச்சி ஃபோனில் படம் எடுக்கக் கத்துக்கிட்டாங்க. பாதி படத்தில் கிளை மட்டும்தான் இருக்கும். பரவாயில்லை. இந்தப் பொங்கலுக்குத் தமிழ்நாடு முழுக்க நடக்கும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' இருக்கில்லையா, குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் ஒரு இடத்தில் நின்னு பார்த்ததை எண்ணி இணையத்தில் ஏத்தணும், அதில் இவங்க கூட்டமும் கலந்துக்கிட்டுச்சு. அமுச்சி எண்ணினாங்க, தாத்தா எழுதினார், டீச்சர் "சத்தம் போடாதீங்க" என்று சத்தம் போட்டார்.

"வயசான காலத்துல இதெல்லாம் டைம்பாஸ்" என்று சொல்றவங்களுக்கு ஒரு தகவல். டெனிஸ் பார்க் என்ற உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவும் 2014-இல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 60 வயசைத் தாண்டினவங்களை மூணு மாசம், வாரம் சுமார் 15 மணி நேரம், புது வேலையில் இறக்கினாங்க. சிலருக்கு டிஜிட்டல் ஃபோட்டோகிராஃபி, சிலருக்குத் துணி ஒட்டுத் தையல், சிலருக்கு ரெண்டும். இன்னொரு குழு சும்மா கூடிப் பேசி, விளையாடி, ஊர் சுத்திச்சு. புதுசா, கஷ்டமான ஒண்ணைக் கத்துக்கிட்டவங்களோட நினைவாற்றல்தான் நல்லா முன்னேறி இருந்தது.

எனக்கு இதில் பிடிச்சது வேற ஒண்ணு. கத்துக்கிறவங்க தப்பு செய்யலாம். குடும்பத்தில் பெரியவங்களுக்கு அந்த உரிமையை நாம கொடுக்கிறதே இல்லை. ஃபோனில் ஒரு பட்டனைத் தப்பா அழுத்தினால் "குடுங்க நான் பண்றேன்" என்று பிடுங்கிடுறோம். நானே எத்தனை தடவை பிடுங்கியிருக்கேன்! அங்கே யாரும் பிடுங்குறதில்லை. ஏன்னா பக்கத்தில் இருக்கிறவருக்கும் தெரியாது.

எல்லாம் இனிப்பு இல்லை

விளம்பரம் மாதிரி எழுதிட்டேனோ என்று பயமாக இருக்கு. அதனால் இதையும் சொல்லணும்.

முதல் ரெண்டு மாசம் அமுச்சி அங்கே பட்ட பாட்டை எங்ககிட்ட சொல்லவே இல்லை. மெஸ்ஸில் எல்லாரும் இங்கிலீஷ் கலந்து பேச, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்காங்க. ஆபீசர் வீட்டம்மா சிலர், "உங்க வீட்டுக்காரர் என்னவா இருந்தார்?" என்று கேட்க, "வெவசாயம்" என்றதும் பேச்சு நின்னுடுமாம். பல குடியிருப்புகளில் மெஸ் சைவம் மட்டும்தான். யாருக்காக அந்த இடம் கட்டப்பட்டது என்பதை அந்த மெனு கார்டே சொல்லிடும். அமுச்சி வெள்ளிக்கிழமை தவிர மத்த நாளில் கறி சாப்பிடுகிறவங்க. இப்பவும் தன் வீட்டில் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் முட்டை வேக வைக்கிறாங்க. டீச்சர் அதில் பங்குக்கு வருவாராம், அது வேற கதை.

சாவும் அங்கே அடிக்கடி வரும் விருந்தாளி. போன மார்கழியில் கேரம் கூட்டத்தில் ஒருத்தர் போயிட்டார். மறுநாள் நாலு மணிக்கு நான் ஃபோன் பண்ணினேன், ஆட்டம் நடக்காது என்று நினைச்சு. நடந்துட்டு இருந்துச்சு. "வெசனமா இல்லையா அமுச்சி?" என்று கேட்டேன். "இருக்குது. அதுக்குத்தான் எல்லாரும் வந்து உக்காந்திருக்கறோம்" என்றாங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய பிரச்சினை காசு. அமுச்சிக்கு விற்க ஒரு ஏக்கர் இருந்தது. அவங்க கட்டும் ரெண்டு மாசத் தொகை நம்ம ஹாஸ்டலின் ஒரு செமஸ்டர் ஃபீஸைத் தாண்டும். அந்தக் காட்டில் அவங்களோட களை எடுத்த அம்மாக்களுக்கு விற்க என்ன இருக்கு?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 19-ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, வசதியற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' தான், 'அமைக்க வேண்டும்' இல்லை. ஆனால் அதே பிரிவில் மருத்துவ வசதியோடு பொழுதுபோக்கு வசதியையும் சேர்த்தே சொல்லியிருக்காங்க. சட்டம் எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, மாத்திரை மட்டும் போதாது என்று.

அப்போ என்ன செய்யலாம்?

என் கருத்து இதுதான். அமுச்சிக்கு நல்லது செஞ்சது கைப்பிடியும் அவசர பட்டனும் மட்டும் இல்லை. அது இருக்கணும், இல்லேன்னு சொல்லலை. ஆனால் அவங்களை மாத்தினது திறந்த கதவு, ஒரு கேரம் பலகை, தினமும் ஒரே நேரத்துக்கு வரும் அதே முகங்கள். இதில் எதுவுமே விலை அதிகமான பொருள் இல்லை. ஒரு ஏக்கர் விற்றுத்தான் இது கிடைக்கணும் என்பதுதான் தப்பு.

நம்ம ஊரில் இது ஏற்கனவே இருந்த டிசைன். திண்ணை என்று பேர். சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் நாளைக்கு அபார்ட்மென்ட் பிளான் போடும்போது, ஜிம்முக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசியை லிஃப்ட் பக்கத்தில் ரெண்டு பெஞ்சுக்கு ஒதுக்குங்க. எம்.ஐ.டி-யில் மாடிப்படி செஞ்ச வேலையை அந்த பெஞ்ச் செய்யும். ஊராட்சிகள் கட்டும் பூங்காவிலும் நடைபாதை மட்டும் போதாது. நடக்க முடியாதவங்க உட்கார்ந்து ஆட ஒரு நிழலும் மேசையும் வேணும்.

அடுத்தது நம்ம கல்லூரி. நம்ம என்.எஸ்.எஸ் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகுது. பழம், பிஸ்கட், ஒரு பாட்டு, குரூப் ஃபோட்டோ. நானும் போயிருக்கேன், ஃபோட்டோவில் சிரிச்சிருக்கேன். ஒரு விசிட் மூணு மணி நேரம் என்றால் வருஷத்துக்கு ஆறு மணி நேரம். ஹால் சொன்ன 50-ஐத் தொட எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். நம்ம கோர்ஸே நாலு வருஷம்தான்.

நெதர்லாந்தில் டெவன்டர் என்ற ஊரில் 'ஹியூமனிடாஸ்' என்ற முதியோர் இல்லம் கல்லூரி மாணவர்களை வாடகை இல்லாமல் தங்க வைக்குது. பதிலுக்கு அவங்க மாசம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டுக்காரராக நடந்துக்கணும். நர்ஸ் வேலை இல்லை. சேர்ந்து சாப்பிடுறது, பேசுறது, கத்துக் கொடுக்கிறது. நம்மால் அவ்வளவு முடியாமல் போகலாம். ஆனால் வாரம் ரெண்டு மணி நேரம், அதே பத்து மாணவர்கள், அதே பத்து பெரியவர்கள், ஒரு செமஸ்டருக்கு பதினஞ்சு வாரம் என்றால் 30 மணி நேரம். ரெண்டு செமஸ்டரில் 60. சாதாரண நண்பர் ஆகிடலாம். பிஸ்கட்டுக்குப் பதில் கேரம் பலகை எடுத்துட்டுப் போங்க. கொடுக்க மட்டும் போகாதீங்க. ஏதாவது கத்துக்கிட்டு வாங்க. அங்கேயும் ஆள்காட்டியின் குரல் தெரிஞ்ச ஒருத்தர் கண்டிப்பாக இருப்பார்.

அடுத்த செயலாளர் யாராக இருந்தாலும் இதை ஒரு தடவை முயற்சி செஞ்சு பாருங்க. நான் பாஸ் அவுட் ஆன பிறகு வந்து கேட்பேன்.

மே மாசம்

கடைசியாக ஒண்ணு. இதை எழுத ஆரம்பிச்சப்போ அமுச்சிக்காகத்தான் எழுதுறேன் என்று நினைச்சேன்.

மே மாசம் ஹாஸ்டலைக் காலி பண்ணணும். என் ரூம்மேட்டுக்கு ஹைதராபாத்தில் வேலை. எனக்கு பெங்களூரு. பக்கத்து ரூம் கும்பலில் ஒருத்தி ஜெர்மனி, ஒருத்தி சொந்த ஊருக்கே போறா. பெங்களூரில் ஆபீஸ் பக்கத்தில் ஒரு பி.ஜி பார்த்து வெச்சிருக்கேன். போய்ப் பார்த்தப்போ ஒரு தாழ்வாரத்தில் பன்னிரண்டு கதவு, பன்னிரண்டும் சாத்தி இருந்துச்சு. ஒவ்வொரு கதவுக்கு வெளியிலயும் டெலிவரி பை. எனக்கு உடனே சென்னை பால்கனியில் நின்ன அமுச்சி ஞாபகம் வந்தாங்க.

எழுபத்து மூணு வயசில் அவங்களுக்குக் கிடைச்சதை, இருபத்து ரெண்டில் நான் விட்டுட்டுப் போறேன். அதுக்கப்புறம் அலுவலகம், ஈ.எம்.ஐ என்று முப்பது நாப்பது வருஷம். திரும்பவும் யாராவது வார்டன் லிஸ்ட் ஒட்டுவாரா?

இதை அமுச்சிகிட்ட புலம்பினேன். அவங்க பெரிய அறிவுரை எல்லாம் சொல்லலை. "நானு இங்க வந்தப்ப மொத ரெண்டு மாசம் கதவச் சாத்திட்டு உள்ளயேதான் உக்காந்திருந்தேன். அப்பறம் ஒரு நாளு பொழுதோட கதவத் தெறந்து வெச்சுட்டு வாசல்ல சேர் போட்டு உக்காந்தேன். மூணாம் நாளு அவ வந்து, கேரம் ஆட ஆள் கொறையுது, வர்றீங்களான்னு கேட்டா. நீயும் சேர் போட்டு உக்காரு" என்றாங்க.

பெங்களூரு பி.ஜி தாழ்வாரத்தில் சேர் போட ஓனர் விடுவாரா தெரியலை. கேட்டுப் பார்க்கணும். கேரம் பலகை ஒண்ணு வாங்கிட்டேன்.

எட்டு மணி ஃபோன் இப்பவும் தொடருது. சாப்டாச்சா என்று கேட்கிறதை விட்டுட்டேன். அவங்க சாப்பிட்டிருப்பாங்க. "இன்னைக்கு யாரு ஜெயிச்சா அமுச்சி?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். நேத்து கேட்டப்போ, "அவதான். ஆனா செவப்ப நகத்தால தள்ளுனா சாமி, நான் பாத்தேன்" என்றாங்க. பின்னாடி டீச்சர் குரல் கேட்டுச்சு: "பொய் சொல்லாதடி!"

அதுக்கு மேல் என்கிட்ட பேச அவங்களுக்கு நேரம் இல்லை.